கரண்ட் இல்லாத வெள்ளிக்கிழமை

லப்பைக்குடிக்காட்டில் எங்கள் தெருவுக்கு முதல் ஒயர் இல்லாத கார்ட்லெஸ் போன் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தது. துபாயிலிருந்து லீவில் வந்த என் வீட்டுக்காரர் கொண்டுவந்தது. "அடுப்படியில நின்னுக்கிட்டே பேசலாம் புள்ள" என்று சொல்லி, பழைய போனைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டார். அந்தப் பவிசு எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. வேலியில் போகிற ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதை அது என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அவர் திரும்பிப் போன பிறகுதான் மகள் பிறந்தாள். போட்டோவில்தான் அவளைப் பார்த்திருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை போனில், "காண்ட்ராக்ட் முடியுது. இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துக் கேக்குறாங்க. போடட்டுமா, வந்துடட்டுமா? யோசிச்சு வை. அடுத்த வாரம் ஜும்ஆ தொழுகை முடிச்சுட்டுக் கூப்புடுறேன். சனிக்கிழம காலையில ஆபீஸ்ல சொல்லியாகணும்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் கார்டில் காசு தீர்ந்து லைன் போய்விட்டது.

யோசிக்க என்ன கிடக்கிறது! "போதுங்க, வந்துடுங்க." வாரம் முழுக்க இதைத்தான் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலையிலேயே கம்பி வேலை என்று கரண்டை நிறுத்திவிட்டார்கள். சாயங்காலம்வரை வரவில்லை. போன் கட்டையாகக் கிடந்தது. நானாகக் கூப்பிடவும் வழியில்லை. அவர் இருந்த கேம்ப்பில் போன் கிடையாது. மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு, கரண்ட்காரர்களை வாய் ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் அவர் பேசினார். "எத்தன தடவ அடிச்சேன், ரிங் போய்க்கிட்டே இருந்துச்சு. வராதீங்கன்னு வாய்விட்டுச் சொல்ல முடியாமதான் நீ எடுக்கலன்னு நெனச்சேன். கையெழுத்துப் போட்டுட்டேன்."

இங்கே செத்துக் கிடந்த போன், அங்கே அவர் காதில் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. "கரண்ட் இல்லைங்க" என்று அழுதேன். "சரி விடு, ரெண்டு வருசந்தானே" என்றார். அதிலிருந்து அவர் கூப்பிடும்போதெல்லாம், "ஒங்க அத்தா பேசுறாங்க" என்று போனை மகள் காதிலும் வைப்பேன்.

சில மாதம் கழித்து அந்தப் புதுப் போனின் அடாப்டர் புகைந்துபோனது. பெட்டியிலிருந்த பழைய போனை எடுத்து மாட்டினேன். ஒரு மத்தியானம் கரண்ட் போய், ஃபேன் நின்ற கொஞ்ச நேரத்தில் அது மணியடித்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விசாரித்தபோதுதான் தெரிந்தது, பழைய போனுக்கு வீட்டுக் கரண்டே வேண்டாமாம். எக்ஸ்சேஞ்சில் பேட்டரிகளை வரிசையாக வைத்து, அந்த டிசி கரண்டைப் போன் ஒயரிலேயே அனுப்புகிறார்கள். புதுசுக்குத்தான் சுவரிலிருந்து ஏசி கரண்ட் வர வேண்டும். அதை அடாப்டர் டிசியாக மாற்றிக் கொடுத்தால்தான் அதற்கு உயிர். அல்லாவே! எனக்குப் பக்கத்திலேயே, பெட்டிக்குள் பேசக்கூடிய போன் கிடந்திருக்கிறது. நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

இரண்டு வருடம் கழித்து அவர் வந்தார். வாசலில் நின்று மகளைப் பார்த்துக் கையை நீட்டினார். அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். உள்ளே ஓடிப்போய்ப் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

"அத்தா, வூட்டுக்கு யாரோ வந்திருக்காங்க. சீக்கிரம் வாங்க" என்றாள்.