ஏறக் கூடாத முள்

பனிநாட்டு நகரமான சாஸ்கட்டூனில் குளிர்காலம் வந்துவிட்டால், இன்ஜின் உறைந்துபோகாமல் இருக்க காருக்கும் கரண்ட் கொடுக்க வேண்டும். வண்டியின் முகத்தில் நாக்கு மாதிரி ஒரு வயர் தொங்கும். படுக்கப்போகும் முன் அதை வீட்டுச் சுவரில் இருக்கும் பிளக்கில் செருகிவிட வேண்டும். மறந்தால் காலையில் இன்ஜின் கண் திறக்காது. கிளப்பிய பிறகும் டாஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் வெப்பமுள் வெகுநேரம் அடியிலேயே கிடக்கும். அது ஏறினால்தான் ஹீட்டரில் சூடு வரும். கையுறைக்குள் விரல்கள் மரத்துப்போக, ஏறு, ஏறு என்று நான் அதைத் தமிழில் அதட்டிக்கொண்டிருப்பேன். உத்தமபாளையத்தில் பிறந்தவள், இன்ஜின் சூடாகவில்லையே என்று கவலைப்படுவதை ஊரில் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள்.

இங்கே வந்த முதல் குளிர்காலத்தில் பக்கத்து வீட்டு கென் ஒரு பெரிய அட்டையைச் சதுரமாக வெட்டி எடுத்துவந்து கதவைத் தட்டினார். என் காரைக் காட்டி ஏதோ சொன்னார். அவர் வேகமாகப் பேசுவார், எனக்குப் பாதிதான் புரியும். அட்டையை என் குப்பையோடு சேர்த்துப் போடச் சொல்கிறார் போலிருக்கிறது என்று நினைத்து, நன்றி சொல்லி வாங்கி, அவர் கண் முன்னாலேயே குப்பைத் தொட்டியில் போட்டேன். மனிதர் மறுநாள் இன்னொரு அட்டையோடு வந்து, என்னைக் கேட்காமல் என் வண்டியின் பானெட்டைத் திறந்து, ரேடியேட்டருக்கு முன்னால் அதைச் செருகிவிட்டுப் போனார். குளிர்காற்று நேரடியாக அடிக்காமல் இருக்க இங்கே பலரும் செய்கிற காரியமாம் அது. நம் ஊரில் குழந்தைக்கு மப்ளர் கட்டுவதுபோல இவர்கள் இன்ஜினுக்குக் கட்டுகிறார்கள். வசந்தத்தில் வெயில் வந்த பிறகும் நான் அட்டையை எடுக்காமல் ஓட்ட, ஒருநாள் முள் விறுவிறுவென்று ஏறியது. கென் சிரித்துக்கொண்டே அட்டையை உருவிப்போட்டார்.

போன மே மாதம் விடுமுறையில் ஊருக்குப் போனபோது, வீட்டில் எல்லோரும் எங்கள் காரின் வெப்பமுள்ளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு இலவம்பஞ்சு மெத்தை வியாபாரம். கடை பஜாரில், குடோன் வீட்டுக்குப் பின்னால். போடியிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பஞ்சைக் கொட்டைநீக்கி, அங்கேயே மெத்தையில் அடைப்பார்கள். சாப்பாட்டுத் தட்டில், தலைமுடியில், தொழுகைப் பாயில் என்று பஞ்சு பறக்காத இடம் எங்கள் வீட்டில் கிடையாது. அம்மாவுக்கு இரண்டு வருடமாக நெஞ்சில் இளைப்பு. மாதம் ஒருமுறை மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்க்க வேண்டும். பஞ்சை வீட்டை விட்டு அப்புறப்படுத்தச் சொல்லி டாக்டர் முதல்நாளே சொல்லிவிட்டார். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். அத்தாவின் பதில் ஒன்றுதான்: அவருடைய அத்தா காலத்திலிருந்து இந்த வீட்டில் பஞ்சு இருக்கிறது, யாருக்கு என்ன ஆனது?

ஆனால் அம்மாவின் மதுரைப் பயணத்தில் மட்டும் அத்தா ஒரு மாதம்கூடத் தவறமாட்டார். புழுதி பட்டால் இளைப்பு வரும் என்பதால் கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டுத்தான் போக வேண்டும். கார் அதற்குத்தான் முரண்டு பிடித்தது. ஏசி இல்லாமல் ஓட்டினால் சமர்த்தாக ஓடும். ஏசியைப் போட்டால் தேனி தாண்டும்வரை தாக்குப்பிடிக்கும், ஆண்டிபட்டி கணவாய் ஏற்றத்தில் முள் சிவப்பைத் தொடும். நான் வந்த வாரம் கணவாயில் வண்டி ஆவி கக்கி நின்றுவிட்டது. பானெட்டைத் திறந்துவைத்துக் காத்திருந்தபோது, லாரிகள் கிளப்பிய புழுதியில் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமியதை என்னால் மறக்க முடியவில்லை. வாடகைக் காரிலும் போக முடியாது; அதில் தொங்கவிடும் வாசனை டப்பா அவருக்கு அதைவிட எமன்.

வீடு திரும்பியதும் அம்மா சொன்னார், "இனிமே மதுரைக்கு நான் வரலம்மா. இங்கனயே மாத்திரைய வாங்கித் தின்னுட்டுக் கெடக்கேன். நடுரோட்டுல நின்னு இருமுறதுக்கு வீட்டுலயே இருமிக்கிறேன்."

அத்தா என்னைப் பார்த்தார். நான் வண்டியைப் பார்த்தேன்.

மறுநாள் தேனியில் செல்வம் என்பவரின் ஒர்க் ஷாப்புக்குப் போனோம். அவர் முன்பே தெர்மோஸ்டாட் மாற்றியிருந்தார். ஃபேன் ஓடுகிறது, வாட்டர் பம்ப் நன்றாக இருக்கிறது, கூலண்ட் ஒழுகவில்லை. கிரில் வழியாக டார்ச் அடித்துக் காட்டினார். ஏசியின் கண்டென்சர் பளபளவென்று இருந்தது. "பாய் வாராவாரம் கழுவிருவாக. இம்புட்டுச் சுத்தமா யாரு வச்சிருக்கா?" என்றார். அவர் சொன்னதில் ஒரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. கண்டென்சர் முன்னால் நிற்கிறது, அதன் முதுகுக்குப் பின்னால் ரேடியேட்டர். ஏசி கக்கும் சூட்டையும் சேர்த்துத்தான் ரேடியேட்டர் வாங்க வேண்டும். காற்று இரண்டையும் தாண்டிப் போக வேண்டும். அப்போது எனக்கு கென்னின் அட்டை நினைவுக்கு வந்தது. இந்த வண்டிக்கும் யாரோ அட்டை செருகிவிட்ட மாதிரி அல்லவா இருக்கிறது? ஆனால் முன்னால் ஒன்றையும் காணோம்.

என் துப்பட்டாவில் வழக்கம்போல ஒரு பஞ்சு ஒட்டியிருந்தது. பக்கத்தில் சர்வீஸுக்கு வந்திருந்த அதே ரகக் காரில் ஏசியைப் போடச் சொல்லி, கிரில்லுக்கு முன்னால் பஞ்சை விட்டேன். விசுக்கென்று பறந்து போய் ஒட்டிக்கொண்டது. அதை எடுத்து எங்கள் காருக்கு முன்னால் விட்டேன். ஃபேன் இரைந்துகொண்டுதான் இருந்தது. பஞ்சு அந்தரத்தில் கொஞ்சம் யோசித்து, மெதுவாக என் செருப்பு மேல் வந்து உட்கார்ந்தது. செல்வமும் ஒருமுறை விட்டுப் பார்த்தார். அவருக்கும் தரையில்தான் விழுந்தது.

"நடுவுல என்னமோ அடச்சிருக்கு. கழட்டிருவோம்" என்றார். ரேடியேட்டரைப் பிரித்து வெளியே இழுத்தபோது, இரண்டுக்கும் நடுவில் இருந்த விரற்கடை இடைவெளி முழுக்க இலவம்பஞ்சு. எண்ணெயும் மண்ணும் ஏறிக் கறுத்து, தையல் போட்ட மெத்தைபோலப் படிந்திருந்தது. ஏசி இல்லாதபோது இடுக்கில் நுழைந்த கொஞ்சக் காற்றே இன்ஜினுக்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. கார் நிற்பது குடோன் வாசலில். கிரில்லில் வந்து ஒட்டும் பஞ்சை, ஒவ்வொரு வியாழக்கிழமையும் மோட்டார் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் அழுத்திப் பீய்ச்சி அத்தா கழுவுவார், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு வண்டி சுத்தமாக இருக்க வேண்டும் என்று. அந்தத் தண்ணீர்தான் வாராவாரம் கண்டென்சரின் இடுக்கு வழியாகப் பஞ்சை உள்ளே தள்ளியிருக்கிறது. எனக்குச் சிரிப்பு வந்தது. அத்தா சிரிக்கவில்லை. அந்தக் கறுத்த பஞ்சைப் பேப்பரில் சுற்றித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

வீட்டில் அதை அம்மாவுக்கு முன்னால் விரித்து வைத்தார். அம்மா கொஞ்சநேரம் குனிந்து பார்த்தார். சின்னப் பிள்ளைக்கு ஒரு தலையணை தைக்கலாம், அவ்வளவு இருந்தது.

"எம்புட்டு நாளா மூச்சு முட்டிக்கிட்டு ஓடிருக்கு, பாவம்" என்றார். பிறகு அத்தாவைப் பார்த்து, "எனக்கும் கழட்டி எடுக்க முடியுமான்னு அந்த மெக்கானிக்கிட்ட கேட்டுட்டு வந்திருக்கலாமில்ல?" என்றார்.

கேலியாகத்தான் சொன்னார். எங்கள் வீட்டில் அம்மாவின் கேலிக்கு அத்தா உடனே பதில் வைத்திருப்பார். அன்றைக்கு எழுந்து பின்பக்கம் போனவர் குடோன் வாசலில் வெகுநேரம் நின்றார். மறுநாள் காலையில் பஜாருக்கு அப்பால் ஒரு பழைய அரிசி மண்டியை வாடகைக்குப் பேசிவிட்டு வந்தார். டாக்டர் இரண்டு வருடமாகச் சொல்லி நகராத பஞ்சு மூட்டைகள் அந்த வாரத்திலேயே டெம்போவில் ஏறின. குடோனைக் கழுவிவிட்ட பிறகு அம்மா அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். நான் கிளம்புமுன் மூவரும் மதுரைக்குப் போனோம். கணவாயில் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார். முள் நடுவில் நின்றது; அத்தாவும் நானும் சாலையைவிட அதைத்தான் அதிகம் பார்த்தோம்.

இன்றைக்குக் காலை, இருட்டு விலகாத சாஸ்கட்டூனில் வண்டியைக் கிளப்பி, முள்ளுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன். முன்னால் அட்டை செருகியிருக்கிறேன். இப்போது நானே வெட்டுகிறேன். அம்மா வீடியோ காலில் அழைத்தார். அங்கே பொழுது அடைந்துவிட்டது, மதுரையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருக்கிறார்கள். டாக்டர் ஒரு மாத்திரையைக் குறைத்துவிட்டாராம். இப்போது எங்கே என்று கேட்டேன்.

"கணவா ஏறுது. இந்தா, நீயே பாத்துக்க" என்று அம்மா போனை டாஷ்போர்டு பக்கம் திருப்பினார்.

இருட்டுக்குள் வெளிச்சமாக அந்த முள் தெரிந்தது, நடுவில், அசையாமல். போனுக்குக் கீழே என் வண்டியின் முள், அடியில். அது ஏறிவிடக் கூடாது, இது ஏற வேண்டும். கணவாய் முடியும்வரை நான் வண்டியை நகர்த்தவில்லை.