பொட்டு இல்லாத வால்வு

திருமயத்தில் நான் வார்டனாக இருந்த விடுதிக்கு, கட்டடத்தின் விவரங்களையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற ஒரு பெண் வந்தார். ஒல்லியான உருவம், கையில் டேப்லெட். மோட்டாரோ சுவிட்ச் போர்டோ, எதைப் படம் எடுத்தாலும் முதலில் துப்பட்டா நுனியால் துடைப்பார். எடுத்ததும் அதன்மேல் ஒரு க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டுவார். போனில் ஸ்கேன் செய்தால் அந்தப் பொருளின் முழு விவரமும் வந்துவிடும்.

ஆயுத பூஜை அப்போதுதான் முடிந்திருந்தது. எல்லாவற்றிலும் சந்தனம், குங்குமம். அவரோ மூலை முடுக்கெல்லாம் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா தேடுறீங்க?"

"பொட்டு வைக்க விட்டுப்போனதைத் தேடுறேன் சார். அங்கிட்டு யாருமே போறதில்லைன்னு அர்த்தம். கெட்டுப்போனாலும் தெரியாது."

ஒரு பீரோவை நகர்த்தச் சொன்னார். பின்னால் துருப்பிடித்த வால்வு ஒன்று இருந்தது. மாடியில் ஒரு குழாய் ஒழுகினாலும் விடுதி முழுக்கத் தண்ணீரை நிறுத்திக்கொண்டிருந்தோம். மாடிக்கான வால்வு அங்கேயேதான் இருந்திருக்கிறது! அதையும் துடைத்து ஸ்டிக்கர் ஒட்டினார்.

அடுத்த ஆயுத பூஜையில் உற்சாகம் தாங்காமல் எல்லா ஸ்டிக்கரிலும் நட்டநடுவே பொட்டு வைத்துவிட்டோம். ஒன்றுகூட ஸ்கேன் ஆகவில்லை. பயந்துகொண்டே அவருக்குப் போன் செய்தேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"புதுசு ஒட்டிக்கலாம் சார். பீரோவுக்குப் பின்னாடி இருக்க வால்வுக்கு வச்சீங்களா?"

"மொதப் பொட்டே அதுக்குத்தாம்மா."

"அப்ப நான் வந்த வேலை முடிஞ்சிருச்சு சார்."