மேட்டுக்கு அந்தப் பக்கம்

தகரத்தில் கல் விழுந்ததுபோல் ஒரு சத்தம். அதன் பின்னாலேயே "ஐயோ, என்னடி அது?" என்று ஒரு பெண்ணின் குரல், அதுவும் தமிழில். புக்கெகோஹி என்ற இந்த வெளிநாட்டு ஊரில் ஒரு கேரட் தோட்டத்து மண்ணில் துப்பாக்கியோடு குப்புறக் கிடந்த மச்சானும், பக்கத்தில் குந்தியிருந்த நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பாக்கிங் ஷெட் சனிக்கிழமைகளில் பூட்டிக் கிடக்கும். அப்படித்தான் நாங்கள் நினைத்திருந்தோம்.

மச்சான் என் மனைவியின் அண்ணன், மன்னார்க்காரர், தொழில் பிளம்பர். அந்தத் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்களைப் பார்த்துக் கொடுத்தவர் என்பதால், பயிரைத் தின்னும் முயல்களைச் சுட்டுக்கொண்டு போகச் சொல்லியிருந்தார் முதலாளி. மச்சான் துப்பாக்கி லைசென்ஸும் வைத்திருந்தார். காரில் வரும்போது ஊர்க்கதை, உலகக்கதை எல்லாம் கதைப்பார். துப்பாக்கியைக் கையில் எடுத்தால் ஆளே மாறிவிடுவார். படுப்பதற்கு முன் ஒவ்வொரு முறையும் மேட்டைச் சுற்றி நடந்து, அந்தப் பக்கம் பார்த்துவிட்டு வருவார். "முயல் நிக்கிற இடத்தை ஆரும் பாப்பினம், மச்சான். அதுக்குப் பின்னால ஆர் நிக்கினம் எண்டு பாக்கவேணும்." மேட்டின் உச்சியில் நிற்கும் முயலைச் சுடவே மாட்டார். சரிவில் இறங்கட்டும் என்று காத்துக் கிடப்பார். குறி தவறினாலும் குண்டு மண்ணுக்குள் போய்விடும். தவறியதை நான் கண்டதில்லை. தலையில்தான் படும். "இறைச்சியும் பழுதாகாது, முயலுக்கும் தெரியாது" என்று அதற்கொரு விளக்கம்.

மறுநாள் என் மகளுக்கு ஞானஸ்நானம். கிளென் ஈடனில் எங்கள் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. பாதரிடமும் வரவிருந்தவர்களிடமும் முயல் கறி என்று பெருமையாகச் சொல்லி வைத்திருந்தேன். விருந்தினர் முன்னால் கறிச்சட்டி காலியாவதைப்போல எங்களுக்கு வெட்கக்கேடு வேறில்லை. நாலு முயலாவது வேண்டும். விடியலிலேயே போனோம், மூன்று கிடைத்தன. அதற்குள் வெயில் ஏறிவிட்டது. இடம் மாறிப் படுக்குமுன் மறுபடி மேட்டைச் சுற்றி வரக் கிளம்பியவரை நான்தான் தடுத்தேன். "சனிக்கிழமையில அங்க ஆர் இருக்கப்போகினம்? நேரம் போகுது."

நாலாவது முயல் உச்சியில் வந்து நின்றது, பின்னால் வெறும் வானம். மச்சான் காத்திருந்தார். அது இறங்கவில்லை. "ஓடப்போகுது, அடியுங்கோ!" என்றேன். அடித்தார். முயல் துள்ளி ஓடியது. அப்போதுதான் அந்தச் சத்தம்.

"வாங்கோ, போவம்" என்றேன். சொன்ன வாய் எனக்கே அந்நியமாக இருந்தது. "ஒருத்தரும் காணேல்லை, மச்சான்."

அவர் எழுந்தார். துப்பாக்கியில் குண்டில்லை என்று பார்த்து, காரில் வைத்துப் பூட்டிவிட்டு, மேட்டைச் சுற்றி நடந்தார். நான் பின்னால் போனேன். ஷெட்டின் மறுபக்கத்தில் நாலு கார்கள். ஏதோ அவசர ஆர்டர் என்று அன்று ஆட்களை வரச் சொல்லியிருக்கிறார்கள். தகரச் சுவரில், ஓர் ஆள் உயரத்தில், சுண்டுவிரல் நுழையாத ஓட்டை. மெஷினில் ஏதோ உடைந்தது என்று உள்ளே தேடிக்கொண்டிருந்தார்கள். ஓட்டைக்கு நேரே, கேரட் தரம் பிரிக்கும் மேசையருகே, திருச்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தி நின்றாள்.

"தங்கச்சி, அது நான் சுட்டது" என்றார் மச்சான்.

அவள் ஓட்டையைப் பார்த்தாள். பிறகு தன் காலடியைப் பார்த்தாள். "கீழ ஒரு கேரட் விழுந்துச்சுண்ணே. எடுக்கக் குனிஞ்சேன். அப்பதான் கேட்டுச்சு" என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதைக் கேட்டதும் மச்சான் அப்படியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தவளும் அவள்தான்.

முதலாளிக்கு அவரே போன் செய்தார். போலீஸ் வந்தது. துப்பாக்கி போயிற்று, லைசென்ஸும் போயிற்று. கூட யார் என்று கேட்டபோது என்னைக் காட்டி, "இவர் என் மச்சான். சும்மா பார்த்துக்கொண்டு நின்றவர்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். நான் தலையாட்டினேன். முயல்களை அங்கேயே விட்டுவிட்டு வந்து, மறுநாள் விருந்தில் கோழிக்கறி பரிமாறியபோதும், பாதர் காரணம் கேட்டபோதும் வாய் திறக்கவில்லை. இன்றுவரை என் மனைவிக்கும் அது அவள் அண்ணனின் பிழைதான்.

நான் சும்மா நிற்கவில்லை.