ஃப்ரிட்ஜில் வைத்த தோல்

என் மனைவி பத்மப்ரியாவுக்குத் தமிழ்ப் பற்று கொஞ்சம் அதிகம். அதுதான் வினையாகப் போயிற்று. கூரியரில் வந்த பெட்டியைப் பிரித்துக்கொண்டே, "அம்மா, என் தோல் வந்துடுத்து!" என்று சமையலறையைப் பார்த்துக் கத்தினாள்.

என் அம்மா சீதாலக்ஷ்மி கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள். "தோலா? எந்தப் பிராணியோடதுடி? ஆத்துக்குள்ளயா கொண்டு வந்தே?"

தச்சநல்லூரில் இப்படி ஒரு சண்டை எங்கள் வீட்டில் மட்டும்தான் நடந்திருக்கும். பத்மப்ரியா வங்கி அதிகாரி. ஸ்ரீநகருக்கு மாற்றலாகிப் போன இடத்தில் பனிச்சறுக்கு கற்றுக்கொண்டாள். ஊர் திரும்பியும் பித்துத் தெளியவில்லை. மாசி பிறந்தால் குல்மார்க் போயாக வேண்டும். எல்லோரையும் போல ரோப்காரில் ஏறிச் சறுக்கினால் போதாதாம், சொந்தக் காலால் மலை ஏற வேண்டுமாம். அதற்குச் சறுக்குப் பலகையின் அடியில் ரோமப் பட்டை ஒட்டுவார்கள். இங்கிலீஷில் அதற்கு 'ஸ்கின்' என்று பேர்; அதைத்தான் இவள் தமிழில் தோலாக்கிவிட்டாள். அது முன்னால் வழுக்கும், பின்னால் சரிய விடாது. போன வருஷம் வாடகைப் பட்டை அகலம் பற்றாமல் பாதி மலையில் சறுக்கி விழுந்தாள். வழிகாட்டி அவளை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டான். அந்த அவமானம் அவளைத் தின்றுகொண்டிருந்தது. இந்தத் தடவை உச்சியைப் பார்க்காமல் விடுவதில்லை என்று சொந்தமாகவே வாங்கிவிட்டாள். ஆட்டு ரோமம் நன்றாக வழுக்கும், நைலான் நன்றாகப் பிடிக்கும் என்று மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் இரண்டும் கலந்ததைத் தேர்ந்தெடுத்தாள்.

கூடத்தில் பலகையைக் கவிழ்த்துப் போட்டுப் பட்டையை ஒட்டி, ஓரத்து இரும்பு விளிம்பு மட்டும் வெளியே தெரியும்படி வெட்டினாள். அளவு கச்சிதம். ஆனால் ஒட்டி ஒட்டி உரிக்கிற அந்தப் பசை நம்மூர் வெயிலுக்கு இளகிவிட்டது. உரித்தபோது கொஞ்சம் பலகையிலேயே தங்கிவிட்டது. இப்படியே கிடந்தால் மலையில் பட்டை கழன்றுவிடும் என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டில் குளிர்ச்சியான இடம் ஒன்றுதான் இருந்தது.

"ஃப்ரிட்ஜிலயா? இட்லி மாவுக்குப் பக்கத்துலயா? நான் இருக்கற வரைக்கும் நடக்காது!" என்றாள் அம்மா.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. நான் அப்பாவைப் பார்த்தேன்.

அப்பா பட்டாபி ஓய்வு பெற்ற சமஸ்கிருத வாத்தியார். பட்டையைத் தடவிப் பார்த்தார். "சீதா, தோலுங்கறது பேர்தான். இது ரோமம். கம்பளி என்னிக்கும் மடிதானே? நீயே கம்பளியில உக்காந்துண்டுதானே ஸ்லோகம் சொல்றே?"

"பாதி நைலானாமே?"

"நைலானைப் பத்தி சாஸ்திரம் ஒண்ணுமே சொல்லலை. அப்புறம் என்ன தடை?"

அம்மா தோற்றதை ஒப்புக்கொள்ளவில்லை. முணுமுணுத்துக்கொண்டே மாவுப் பாத்திரத்தை மேல் தட்டுக்கு மாற்றினாள்.

மாசியில் குல்மார்க்கிலிருந்து வீடியோ அழைப்பு வந்தது. மூக்கு சிவந்து, முகமெல்லாம் பல்லாக நின்றாள் பத்மப்ரியா. "அம்மா, உச்சிக்கு வந்துட்டேன்! ஒரு அடிகூடப் பின்னால சரியலை!"

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. என் கையிலிருந்த போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"இனிமே தோலைக் கழட்டிப் பைக்குள்ள போட்டுண்டு, சர்ருனு வழுக்கிண்டு இறங்க வேண்டியதுதான்!" என்றாள் பத்மப்ரியா.

அம்மா அந்த வெள்ளைச் சரிவையே பார்த்தாள்.

"கழட்டாதேடி கண்ணா. அதோடயே பைய நடந்து வந்துடேன்."