மரியாதைக் குழு

அண்ணிக்கு வேலை போன வாரத்தில்தான் அவருடைய போன் ஓயாமல் அடிக்க ஆரம்பித்தது. அதுவரை ஒரு திருமண மண்டபத்தில் முன்பதிவு மேஜையில் உட்கார்ந்திருந்தார். மண்டபம் கை மாறியது. புது முதலாளி தன் மச்சானைக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்தார். மச்சானுக்கு மண்டபத்தில் எத்தனை வாசல் என்றுகூடத் தெரியாது. எந்தப் பூக்காரர் சொன்ன நேரத்துக்கு வருவார், எந்தச் சமையல்காரர் 'வந்துகிட்டே இருக்கேன்' என்று சொல்லிக்கொண்டே கழுத்தை அறுப்பார் என்பதெல்லாம் அண்ணியின் தலையில் இருந்தது. அந்தத் தலை வீட்டுக்கு வந்துவிட்டதால் ஜனங்கள் வீட்டுக்கே கூப்பிட்டார்கள்.

நான் அப்போது அண்ணன் வீட்டில் தண்டச்சோறு. படித்து முடித்துவிட்டு, என் தகுதிக்கு ஏற்ற வேலை என்னைத் தேடி வரும் என்று காத்திருந்தேன். அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். பேசவே மாட்டார். அவர் நாள் முழுக்கப் பேச வேண்டியதை எல்லாம் சேர்த்து அண்ணி பேசிவிடுவார் என்பதால் வீட்டில் யாருக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

முதல் வாடிக்கையாளர்கள் வெளிநாட்டில் வேலை பார்த்த ஒரு ஜோடி. ஊருக்கு வந்து மண்டபம் பார்க்க லீவு கிடைக்கவில்லை. அண்ணி வீடியோ காலைப் போட்டு, போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு மண்டபமாக நடந்தார். சார்ஜரைத் தூக்கிக்கொண்டு பின்னால் நான். மேடையைக் காட்டுவார் என்று பார்த்தால், நேராகக் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்து காட்டினார். ஏன் அண்ணி என்று கேட்டதற்கு, மேடையை எல்லாரும் படத்தில் காட்டுவார்கள், தண்ணீர் வருகிறதா என்று யார் காட்டுவார்கள் என்றார். அந்தக் குழாய்க்காகவே அந்த ஜோடி அண்ணியிடம் கல்யாணத்தை ஒப்படைத்தது.

பிறகு இணையத்தில் ஒரு பக்கம் திறந்தோம். நான் ராப்பகலாக யோசித்து, கனவு, வானவில், சொர்க்கம் எல்லாம் வருகிற மாதிரி ஒரு வாசகம் எழுதிக் கொடுத்தேன். அண்ணி அதைப் படித்துவிட்டு, உனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். தானே எழுதினார்: 'கல்யாணத்தன்று நீங்கள் வந்தால் போதும்.' அந்த ஒற்றை வரிக்கு வந்த கூட்டத்தை எங்கள் சாப்பாட்டு மேஜை தாங்கவில்லை. மேஜையில் இரண்டு கணினி ஏறியதும் நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். மூன்றாவது ஏறியதும் அண்ணன் வாயைத் திறந்து, வேற இடம் பாருங்க என்றார்.

சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மாடியில் இரண்டு அறை கிடைத்தது. கீழே சுத்தியல் அடி விழுந்துகொண்டே இருக்கும். என்ன சத்தம் என்று யாராவது போனில் கேட்டால், மேடை வேலை நடக்கிறது என்று அண்ணி கூசாமல் சொல்வார். ஒரு அறையில் அண்ணி, நான், மூட வராத ஒரு ஜன்னல். இன்னொன்றில் துணி மாதிரிகளும் மேஜை விரிப்புகளும். வேலை கூடியபோது உதவிக்கு ஒரு பெண்ணைச் சேர்த்தோம். சேர்ந்த மறுநாளே எனக்கு வேலை சொல்ல ஆரம்பித்ததால் அவளுக்கு 'குட்டி மேனேஜர்' என்று பேர் வைத்தேன். பேர் ஒட்டிக்கொண்டது.

எங்கள் தொழில் வளர்ந்த ரகசியம் எது என்று கேட்டால் நான் அந்த வாசகத்தைச் சொல்ல மாட்டேன். மரியாதைக் குழுவைத்தான் சொல்வேன்.

தொடக்கத்தில் ஒரு கல்யாணத்தில், மணப்பெண்ணின் பெரிய மாமா மேடைத் துணியின் நிறத்துக்காகப் போன் குரூப்பில் ஒரு நாள் முழுக்க மல்லுக்கு நின்றார். அவருக்குப் பதில் சொல்ல ஒரு பெரியப்பா கிளம்பினார். கடைசியில் பெண் அழுதுகொண்டே அண்ணியைக் கூப்பிட்டாள். அண்ணி அன்றைக்கே இன்னொரு குரூப் ஆரம்பித்தார். மாமா, பெரியப்பா, அத்தை, கருத்து உள்ள அத்தனை பேரையும் அதில் சேர்த்தார். எங்களுக்குள் அதற்கு மரியாதைக் குழு என்று பேர். அவர்கள் எது சொன்னாலும் எங்கள் பதில் ஒன்றுதான்: 'நல்ல யோசனை, கவனிக்கிறோம்.' பக்கத்தில் கும்பிடு போடும் இரண்டு கைகள். நிஜமான முடிவுகள் எல்லாம் மணமக்களும் நாங்களும் மட்டும் இருக்கிற வேலைக் குழுவில் நடந்தன. மாமாவுக்குப் பரம திருப்தி. கல்யாணத்தை நடத்தியதே தான் என்று இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அதிலிருந்து எந்தக் கல்யாணம் வந்தாலும் இரண்டு குழு. மரியாதைக் குழுவில் பதில் போடுவது என் பொறுப்பு. என் படிப்புக்கு ஏற்ற வேலை ஒருவழியாகக் கிடைத்தது.

ஒரே ஒருமுறை குட்டி மேனேஜர் குழு மாற்றிப் போட்டுவிட்டாள். 'அந்தத் தாத்தா கைக்கு மைக் போகாம பாத்துக்கணும்' என்கிற செய்தி நேராக மரியாதைக் குழுவுக்கே போனது. எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தத் தாத்தாவே பதில் போட்டார்: 'நல்ல யோசனை, கவனிக்கிறேன்.' கல்யாணத்தன்று மைக் இருந்த பக்கமே அவர் திரும்பவில்லை. அண்ணி அவருக்கு முதல் பந்தியில் இடம் பிடித்துக் கொடுத்தார்.

குட்டி மேனேஜர் சீக்கிரமே தொழிலைக் கரைத்துக் குடித்துவிட்டாள். ஒருநாள், அக்கா, நான் தனியாப் பண்ணப்போறேன் என்று வந்து நின்றாள். அண்ணி நல்லா இரு என்று வாயால் சொன்னார். அப்புறம் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தைத் தினமும் எடுத்துப் பார்த்து, எழுத்துரு சரியில்லை, நிறம் சரியில்லை என்று என்னிடம் குற்றப்பத்திரிகை வாசிப்பார். நான் நல்ல யோசனை என்பேன்.

அண்ணிக்கு ஒரே மகள். வேறு ஊரில் ஆஸ்பத்திரி லேபில் வேலை. தனக்குப் பிடித்த ஒரு பையனைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினாள். பையன் நல்லவன், அண்ணனிடம் கண்ணாடி மாற்றிக்கொண்டான். நாள் குறித்தாயிற்று. அண்ணிக்குத் தலைகால் புரியவில்லை. ஊரார் பிள்ளைகளுக்கு இத்தனை செய்தோம், நம் பிள்ளைக்கு எப்படிச் செய்ய வேண்டும் என்று விரலில் எண்ணிக்கொண்டே நடமாடினார். மகளோ, இப்போதைக்குச் சிநேகிதிகள் பார்த்துக்கொள்கிறார்கள், ஒரு குரூப் போட்டிருக்கிறேன், உங்கள் யோசனைகளை அதில் போடுங்கள் என்றாள். அதில் அண்ணி, அண்ணன், நான், பையன் வீட்டார் எல்லாரும் இருந்தோம். பதில் போடுகிறவரின் நம்பர் மட்டும் யாருக்கும் தெரியாதது. சிநேகிதி என்று நினைத்துக்கொண்டோம்.

அண்ணி மண்டபம் சொன்னார், பூ சொன்னார், வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து விழ வேண்டும் என்று படம் வரைந்து அனுப்பினார். நானும் சும்மா இருப்பேனா? வாசலில் என்ன பாட்டுப் போடலாம் என்று நாலைந்து யோசனை அவிழ்த்துவிட்டேன். உடனுக்குடன் பதில் வந்தது. என் யோசனையை ஒருவர் இவ்வளவு மதிக்கிறாரே என்று எனக்கு உச்சி குளிர்ந்துபோனது.

ஒரு மத்தியானம் நான் வாடிக்கையாளர் ஒருவரின் மரியாதைக் குழுவில் வழக்கமான பதிலைத் தட்டிவிட்டு நிமிர்ந்தேன். எதிரே அண்ணி தன் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டைக் கழற்றி மேஜையில் வைத்தார். போனை என் பக்கம் திருப்பினார். நேற்று அவர் சொன்ன பந்தி வரிசைக்குப் பதில் வந்திருந்தது. நல்ல யோசனை, கவனிக்கிறோம். கும்பிடு போடும் இரண்டு கைகள்.

வருஷக்கணக்காக அந்த வரியை எழுதித்தான் நான் சம்பளம் வாங்குகிறேன். எனக்கு வந்தபோது எனக்கே தெரியவில்லை.

அண்ணி மகளைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். அவர் குரல் இறங்கியிருந்தது. அண்ணிக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். அப்போதுதான் நாங்கள் பயப்படுவோம்.

"பதில் போடுறது யாரு?"

மகள் மறைக்கவில்லை. குட்டி மேனேஜரின் பேரைச் சொன்னாள். பணம் கட்டி அவளிடம் ஒப்படைத்திருப்பதாகவும் சொன்னாள்.

"ஊருக்கே கல்யாணம் பண்ணி வைக்கிறேன். என் பொண்ணுக்கு நான் பண்ணக் கூடாதா?"

"நீ பண்ணா நீ வர மாட்டேம்மா."

"என்ன பேசுற? எங்கே வர மாட்டேன்?"

"கல்யாணத்துக்கு. நீ எந்தக் கல்யாணத்துலயாவது உட்கார்ந்து நான் பார்த்ததில்ல. எனக்குப் பட்டம் குடுத்த அன்னைக்கு வந்தே. என் பேரைக் கூப்பிட்டப்போ மேடையில இருந்து தேடுனேன். அப்பா பக்கத்து நாற்காலியில உன் பை மட்டும் இருந்துச்சு. நீ வெளிய யாருக்கோ பந்தல் பேசிட்டு இருந்தே. வந்தா போதும்னு ஊருக்கெல்லாம் சொல்றியே, நீ ஒரு தடவை வாம்மா."

அண்ணி போனை வைத்துவிட்டார். கீழே சுத்தியல் அடித்துக்கொண்டிருந்தது. எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. இரண்டு நாள் அவர் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. அவமானமாக இருந்தது என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். அதைவிட, மகள் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட மறுக்க முடியவில்லையே என்று இருந்ததாம். பட்டமளிப்பு அன்றைக்குப் பேசிய பந்தல் யாருடையது என்று யோசித்துப் பார்த்திருக்கிறார். ஞாபகம் வரவில்லை.

மூன்றாம் நாள் குட்டி மேனேஜரைக் கூப்பிட்டார். வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்று நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"கழிவறை பார்த்தியா?"

"முதல்ல அதைத்தான் பார்த்தேன் அக்கா."

அண்ணி சரி என்று சொல்லி வைத்துவிட்டார். அதற்கப்புறம் குரூப்பில் ஒரு யோசனையும் போடவில்லை. ஆனால் சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. வீட்டில் இருந்த அலமாரிகளை எல்லாம் இறக்கி அடுக்கினார். என் மேஜையையும் அடுக்கிவைத்தார், அதற்குப் பிறகு என் கத்தரிக்கோல் கிடைக்கவே இல்லை.

கல்யாணத்தன்று முன்வரிசையில் அண்ணன், அண்ணி, நான். அண்ணி புதுப் புடவையில் இருந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்தார், எடுத்தார், மறுபடியும் வைத்தார். போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார். கண் மட்டும் அடங்கவில்லை. விளக்கு ஒன்று கோணல், பின்வரிசைக்கு நாற்காலி பற்றாது என்று எனக்கு நேர்முக வர்ணனை ஓடிக்கொண்டிருந்தது. அவர் சொன்ன மாதிரியே நாற்காலி பற்றவில்லை. ஆட்கள் நிற்க ஆரம்பித்தார்கள். சுவரோரமாகக் குட்டி மேனேஜர் ஹெட்செட்டோடு ஓடுவது தெரிந்தது.

அண்ணி எழுந்தேவிட்டார். ஒரு அடி வைத்திருப்பார். அண்ணன் தன் இரண்டு காலையும் நீட்டி வழியை அடைத்துக்கொண்டார். அவ்வளவு கூட்டத்தில் அண்ணன் மேல் ஏறித் தாண்டிப் போக முடியாது. அண்ணி அவரை முறைத்துவிட்டு உட்கார்ந்தார். சற்று நேரத்தில் எங்கிருந்தோ நாற்காலிகள் வந்து சேர்ந்தன. அவர் இல்லாமலே வந்தது அவருக்கு நிம்மதியாகவும் இருந்தது, கொஞ்சம் கோபமாகவும் இருந்தது.

மணமக்கள் மேடைக்கு வந்து எதிரெதிரே நின்றார்கள். கூடம் அடங்கியது. அண்ணி என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, இதுக்கப்புறம் என்ன?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். இத்தனை கல்யாணத்தை நிமிஷம் நிமிஷமாகப் பிரித்துப் போட்டவர் அவர். முகத்தைப் பார்த்தேன், நிஜமாகத்தான் கேட்கிறார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் நிகழ்ச்சி நிரலில் இந்த இடத்தில் 'திருமணம்' என்று ஒரே ஒரு சொல்தான் இருக்கும். சாப்பாட்டுக்கூடத்தைச் சரிபார்க்க எங்களுக்குக் கிடைக்கிற நேரம் அது. தட்டுகள் வந்தனவா, தண்ணீர் வைத்தாயிற்றா என்று அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் ஓடிக்கொண்டிருப்போம். திரும்பி வரும்போது எல்லாம் முடிந்து எல்லாரும் கை தட்டிக்கொண்டிருப்பார்கள்.

"எனக்கும் தெரியாது அண்ணி," என்றேன்.

"ரெண்டு பேரும் பேசாம பாருங்க," என்றார் அண்ணன்.

மகள் மோதிரத்தை எடுத்தாள். பையன் விரலில் போடும்போது அது பாதியில் சிக்கிக்கொண்டது. அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொன்னான், அவள் சிரித்துவிட்டாள். பிறகு திரும்பி முன்வரிசையைப் பார்த்தாள். அண்ணி அழுதுகொண்டிருந்தார். துடைக்கவும் இல்லை, கண்ணை எடுக்கவும் இல்லை.