குறிகட்டுவான் துறையில் கட்டாத கட்டிடம்

நாகலிங்கம் அண்ணை மறைந்த செய்தியை, கொடிகாமத்திலிருந்து நல்லூர் வரை சைக்கிள் உழக்கி வந்த அவருடைய மருமகன் என் வாசலில் நின்றபடியே சொன்னார். "மாமா மோசம் போயிட்டார் மாஸ்ரர். பிரேதத்தை நேற்றே எடுத்திட்டம்." எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வெளியிடும் கல்வெட்டு என்ற நினைவு மலரில் நானும் எழுதவேண்டும் என்று அவருடைய மகள் பவானி சொல்லிவிட்டிருந்தார். யுத்தத் தடையால் அச்சுத்தாள் கிடைக்காத காலம். கோடு போட்ட கொப்பித் தாளில்தான் இது அச்சாகப் போகிறது. அந்தக் கோட்டுக்குள் அடங்கி எழுத என்னால் முடியாது. அவரை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

புங்குடுதீவின் முனையில் உள்ள குறிகட்டுவான் துறையில், நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகிறவர்களுக்கு அவர் வழிகாட்டி. அவருடைய தகப்பனாருக்கும் அதுவே தொழில். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் நெடுந்தீவுப் பெருக்கமரத்தின் கதையையும் அங்கே மேயும் கட்டைக் குதிரைகளின் கதையையும் சொல்லுவார். கக்கத்தில் எப்போதும் ஒரு நீளப் பதிவேடு இருக்கும். லோஞ்சுப் படகால் இறங்குகிற ஒருவரையும் அதில் எழுதாமல் போகவிட மாட்டார். அதில் நான்கு கட்டங்கள்: பெயர், ஊர், எதைப் பார்க்க வந்தீர், குறை.

அந்தக் கடைசிக் கட்டத்தில் முக்கால்வாசிப் பேர் எழுதியது ஒன்றைத்தான். துறையில் கழிப்பறை இல்லை. வருகிற சனம் காலத்துக்குக் காலம் மாறியது. இந்தக் குறை மட்டும் மாறவில்லை. "அப்பு காலத்துத் துரைமார் கதிரையும் சமையல்காரனுமாய் வந்தவை. இப்ப வாற வெள்ளைப் பிள்ளையள் செருப்பும் இல்லாமல் வருதுகள். ரெண்டு பேருக்கும் ஒதுங்க அதே பனங்காணிதான்" என்பார்.

ஒருநாள் நயினாதீவு விகாரையைக் கும்பிட்டுத் திரும்பிய ஒரு சிங்களத் தாயையும் மகளையும் வெயிலில் ஓட்டமும் நடையுமாக, அப்போது புங்குடுதீவில் இருந்த என் வீட்டுக்குக் கூட்டிவந்தார். அந்தப் பிள்ளை அழுதுகொண்டிருந்தது. அவர்கள் உள்ளே போனதும் அண்ணை வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். "மாஸ்ரர், ஒல்லாந்தன் கோட்டையையும் விட்டிட்டுப் போனான், கக்கூசு எண்ட சொல்லையும் விட்டிட்டுப் போனான். கோட்டை இடிஞ்செண்டாலும் கிடக்கு. மற்றது சொல்லாய் மட்டும்தான் கிடக்கு. எழுதும் ஒரு மனு."

எழுதினேன். பிறகு வருடந்தோறும் எழுதினேன். ஒருமுறை அரசாங்கக் கந்தோரிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். நாடா பிடித்து நிலம் அளந்தார். அண்ணை வீட்டில் நண்டுக்கறியோடு சாப்பிட்டார். புறப்படுமுன் பதிவேட்டில் ஒப்பமிட்டு, குறை என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிவிட்டுப் போனார். "திண்ட நண்டுக்கு நன்றி சொல்லியிருக்கிறான்" என்று அண்ணை சொன்னார். ஒரு மாதம் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை.

எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு தெற்கிலிருந்து யாத்திரை பஸ்கள் வருவது நின்றது, வெள்ளைக்காரர் வருவதும் நின்றது. அப்போதுதான் நான் ஒரு மடத்தனம் செய்தேன். மனு உருக்கமாக இருக்கட்டும் என்று, 'பயணிகளின் வருகை அருகிவரும் இக்காலத்திலாயினும்' என்று தொடங்கினேன். பதில் உடனே வந்தது. பயணிகளின் வருகை அருகிவருவதாகத் தாங்களே தெரிவித்திருப்பதால் இக்கட்டிடம் அவசியமற்றது என்றார்கள். அண்ணை கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "உம்மட தமிழ் நல்ல தமிழ், மாஸ்ரர். அவங்களுக்கு நல்லாய் விளங்கியிருக்கு" என்றார். அவர் ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

தொண்ணூறில் ஊர்காவற்றுறையிலும் வேலணையிலும் இருந்து சனம் செல் வீச்சுக்குத் தப்பி எங்கள் தீவுக்கு ஓடிவந்தது. துறையில் அத்தனை பேரை நான் எந்தத் திருவிழாவிலும் கண்டதில்லை. குடும்பம் குடும்பமாக மூட்டைகளோடு படகுக்குக் காத்திருந்தார்கள். அண்ணை பழக்கதோஷத்தில் பதிவேட்டை விரித்துக்கொண்டு போய்விட்டார். வேலணைப் பெண் ஒருத்தி, நிறைமாதம், அவரை நிமிர்ந்து பார்த்தாள். "என்னண்ணை, நாங்கள் புதினம் பாக்க வந்தனாங்கள் எண்டு நினைச்சியளோ? உந்தக் கொப்பியை மூடிப்போட்டு ஒதுங்க ஒரு இடம் காட்டுங்கோ."

அவரிடம் காட்ட இடம் இல்லை. முகம் கறுத்துப்போய் வீட்டுக்கு நடந்தார். தன் வேலியின் ஓலைக் கிடுகையெல்லாம் அவிழ்த்து வந்து, தடி நட்டு, கரையில் மறைப்புக் கட்டினார். நானும் ஒரு பக்கம் பிடித்தேன். கயிற்றை முடிந்தபடி அவர் சொன்னார்: "வெள்ளைக்காரனுக்காக எண்டாலும் அண்டைக்குக் கட்டியிருந்தால், இண்டைக்கு எங்கட பொம்பிளையளுக்கு உதவியிருக்கும்." அந்த வசனத்தின் ஒரு பாதி கந்தோருக்கு, மற்றப் பாதி எனக்கு என்றே இன்றுவரை நினைக்கிறேன்.

அடுத்த வருடம் சண்டை எங்கள் தீவுக்கும் வர, நாங்களும் ஊரைவிட்டு வெளிக்கிட்டோம். எல்லாரும் நகையையும் காணி உறுதிப் பத்திரத்தையும் சுற்றிக் கட்ட, அவர் பதிவேட்டைச் சாரத்துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். அது இப்போது என் மேசையில் இருக்கிறது. 'மாஸ்ரரிட்டைக் குடு' என்று சொல்லியிருந்தாராம். கடைசியாக எழுதிய பக்கத்தை இந்தக் கிழமைதான் பார்த்தேன். தீவை விட்ட அன்று, வரிசை தவறாமல், தன் கையாலேயே எழுதியிருக்கிறார். பெயர்: நாகலிங்கம். ஊர்: புங்குடுதீவு. எதைப் பார்க்க வந்தீர்: வரவில்லை, போகிறேன். குறை: கக்கூசு இன்னும் கட்டவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியவை இந்தப் பதிவேடும், ஆறாத இந்தக் கோபமும்தான். அவருடைய வரிக்குக் கீழே இடம் இருந்தது. என் பெயரையும் ஊரையும் எழுதினேன். மற்ற இரண்டு கட்டங்களிலும், இந்தத் தடவை அலங்காரம் ஒன்றும் இல்லாமல், ஒரே சொல்லை எழுதினேன்: மேற்படி.