பொதுப் பாட்டில்

கண்ணாடியக்காவின் பிள்ளைக் காப்பகத்தில் காய்ச்சல் வந்த பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் இல்லை. வீட்டில் யார் இருந்தார்கள், அனுப்புவதற்கு? தாய்மார்கள் அத்தனை பேரும் அடுத்த தெருவிலிருந்த சட்டை ஆலையில் தையல் மெஷினோடு மெஷினாக இருந்தார்கள். பிள்ளைக்குச் சளி என்று ஒருத்தி எழுந்து போனால், மறுநாள் அவள் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள்.

அக்காவும் அங்கே காலர் தைத்தவள்தான். பார்வை மங்கியதும் கழற்றிவிட்டார்கள். சோடாபுட்டிக் கண்ணாடியோடு இரண்டு அறைகளை வாடகைக்குப் பிடித்துப் பாய் விரித்தாள். சொந்தப் பிள்ளை இல்லையே என்று யாராவது உச்சுக்கொட்டினால், "இருக்கிறது போதாதா? ஒருத்தன் மூக்கைத் துடைக்கறதுக்குள்ள அடுத்தவன் ஒழுகுறான்" என்பாள்.

ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு மஞ்சள் மருந்து இருந்தது. காதுவலி, தொண்டைவலி என்று டாக்டர் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாடிக்கில், பிள்ளை எழுந்து விளையாட ஆரம்பித்ததும் மிஞ்சியதை, வீணாகக் கூடாதென்று தாய்மார்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். நிறம் ஒன்றாக இருந்தால் அக்கா ஒரே பாட்டிலில் ஊற்றிக்கொள்வாள். மூக்கு ஒழுகினால் ஒரு மூடி, இருமினால் ஒரு மூடி. தீர்ந்தால் முனை மருந்துக்கடையில் கிடைக்கும். அந்த மனிதர் எந்த நாளும் டாக்டர் சீட்டுக் கேட்டதில்லை.

சாதாரணச் சளியை அந்த மருந்து ஒன்றும் செய்யாது. ஆனால் பிள்ளைகளின் மூக்குக்குள் நியூமோகாக்கஸ் என்றொரு கிருமி பேசாமல் குடியிருக்கும். அரைகுறை மருந்து அதில் நோஞ்சானைக் கொன்றுவிட்டு, தாக்குப்பிடிப்பதை விட்டுவைக்கும். தப்பியது பெருகும். ஒரே பாயில் தூங்கும் பிள்ளைகளிடம் தும்மலில் ஏறி ஊர் சுற்றும். இதில் விதியும் இல்லை, சாபமும் இல்லை. மனிதர்கள் சேர்ந்து வளர்த்த கிருமி.

அது காப்பகத்தில் வாயாடி என்று பெயரெடுத்த சிறுமியின் நுரையீரலுக்குள் இறங்கியது. மூன்று வயது. அக்காவையே அதட்டி வேலை வாங்குபவள், அன்று வாயே திறக்கவில்லை. மூச்சு இழுத்தது, விலா எலும்பு உள்ளே போய் வந்தது. அக்கா அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். தாயிடம் சேதி போனது. கையிலிருந்த துணிக்கட்டைத் தைத்து முடித்துவிட்டுப் போகச் சொன்னார் சூப்பர்வைசர். அவருக்கும் பிள்ளைகள் உண்டு.

ஊசி போட்டும் காய்ச்சல் அடங்கவில்லை. மறுநாள் உதடு நீலம் பாய்ந்தது. டாக்டரம்மா தாயிடம் கேட்டார்: "குடுக்கற மருந்து கேட்க மாட்டேங்குது. இதுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக் ஏதாச்சும் குடுத்தீங்களா?"

"இல்லீங்க டாக்டர். சளி மருந்தைத் தவிர எதுவும் குடுத்ததில்ல."

தாய் பொய் சொல்லவில்லை. அக்கா ஊற்றிய சளி மருந்தின் பெயர்தான் ஆன்டிபயாடிக் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை. பின்னால் நின்ற அக்காவுக்குத் தெரியும். சொன்னால் காப்பகத்தை மூடிவிடுவார்கள். சொல்லாவிட்டால்?

"குடுத்திருக்கேன் டாக்டர். மஞ்சள் மருந்து. போன வாரமும் குடுத்தேன்."

"என்ன மருந்து?"

"எல்லாம் ஒண்ணாக் கலந்தது."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "உங்களுக்கு யாரும்மா இந்த அதிகாரம் குடுத்தது?"

"யாரும் குடுக்கல. யாரும் வேண்டாம்னும் சொல்லல. இப்ப அவளுக்கு என்ன பண்ணணுமோ அதைப் பண்ணுங்க. என்னை அப்புறம் திட்டிக்கலாம்."

மருந்தை மாற்றினார்கள். விலாவில் குழாய் விட்டுச் சீழை எடுத்தார்கள். பரிசோதனை முடிவும் அதையே சொன்னது: வழக்கமான மருந்துக்கு மசியாத கிருமி. காய்ச்சல் மெல்ல இறங்கியது. ஒரு காலையில் வாயாடி கண்ணைத் திறந்து, "ஏன் எல்லாரும் என்னையே பாக்குறீங்க? போங்க" என்றாள். தாய் சுவரில் சாய்ந்து அழுதாள். அடுத்த கட்டிலில் அதே காய்ச்சலோடு கிடந்த பையன் பிழைக்கவில்லை. அவன் எந்தக் காப்பகமோ, எந்தப் பாட்டிலோ.

அக்கா மஞ்சள் மருந்தை ஆஸ்பத்திரியிலேயே ஒப்படைத்தாள். இனி மூடி மருந்து கிடையாது என்றதும் தாய்மார்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"இத்தனை நாள் இனிச்சது, இப்ப கசக்குதா?"

"உங்க காப்பகம் நல்லாருக்கும்க்கா. எங்க பொழப்பு?"

அவர்கள் கேட்டது நியாயம்தானே? பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஒரு தாய் வீட்டிலிருக்க வழியில்லாத ஆலையும், சீட்டில்லாமல் விற்கும் கடையும், இந்தக் கிருமிக்கான தடுப்பூசியை ஏழைப்பிள்ளைக்கு எட்டாமல் வைத்த அரசும் நிம்மதியாக இருக்க, மூடியில் அளந்து ஊற்றியவள் மட்டும் குற்றவாளியா? குற்றத்தில் அவளுக்கும் பங்கு உண்டு. ஆனால் பெரிய பங்குக்காரர்கள் யாரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கவில்லை.

அடுத்த காய்ச்சல் வந்தபோது அக்கா பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆலை வாசலுக்குப் போனாள்.

"இது என்னக்கா, ஆஸ்பத்திரியா?" என்றான் காவலாளி.

"இல்லப்பா. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய இவன் அம்மா உள்ள இருக்கா. கூப்பிடு."

மேனேஜர் வந்தார். "ஒரு சளிக்கெல்லாம் ஆளை விட முடியாதும்மா. நீங்கதான் ஏதோ மருந்து வச்சிருப்பீங்களாமே?"

அந்த மருந்து அவருக்கும் தெரிந்திருந்தது.

அக்கா பிள்ளையோடு வாசலின் குறுக்கே உட்கார்ந்தாள். சட்டைப் பெட்டிகள் ஏற்றிய லாரி பின்னால் நின்று ஹாரன் அடித்தது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, பிள்ளையின் நெற்றியில் ஈரத்துணியைத் திருப்பிப் போட்டாள். லாரி போக வேண்டுமே என்றுதான் கடைசியில் தாயை வெளியே விட்டார்கள்.